டப்பாவில் எழுதாமல் விட்ட இரண்டு எழுத்து

திருத்தணி
ஞாயிறு, ஆராதனை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்

அன்பு மகள் ப்ளெஸ்ஸிக்கும், மாப்பிள்ளை பென்சனுக்கும், எங்கள் குட்டி ராஜா காலேபுக்கும் அப்பா அம்மாவின் ஆசீர்வாதம். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இங்கே சுகமாயிருக்கிறோம், எலிகள்தான் சுகமாயில்லை, அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா, அந்த அயர்லாந்துக் குளிரில் மப்ளர் இல்லாமல் வெளியே போக வேண்டாம் என்று சொல். காலேபுக்குக் கீழே இரண்டு பல் வந்திருப்பதை போட்டோவில் பார்த்தோம், உன் அம்மா அந்தப் போட்டோவைத் தெருவில் காட்டாத ஆள் இல்லை, பால்காரர் இரண்டு முறை பார்த்துவிட்டார். இதையெல்லாம் போனில் கேட்கலாமே என்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள், வாங்கிக்கொண்டு முக்கியமான இடம் வரும்போது சிரித்துவிடுகிறாள், அப்புறம் உனக்கு எதுவும் விளங்குவதில்லை. அதனால் டப்ளினுக்குப் போகிற நம் சபைப் பிள்ளை பிரேம்குமார் கையில் கொடுத்துவிடும் பார்சலுக்குள் இதை வைத்திருக்கிறேன். ஈஸ்டருக்குக் காலேபின் ஞானஸ்நானத்துக்கு வருவதா வேண்டாமா என்று டிக்கெட் போடும் முன் இதை முழுசாகப் படி.

முதலில் உன் அபிகாயில் அத்தை போன் பண்ணி உன்னிடம் சொன்ன குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன். உன் அப்பா கிருத்திகை அன்றைக்கு முருகன் மலை ஏறினார் என்றாளாம். ஏறினேன். நெற்றியில் பட்டை பட்டையாக விபூதியோடு இறங்கினார் என்றாளாம். இறங்கினேன். மலைமேல் ஒரு பச்சைப் பிள்ளை கையிலிருந்து கேக்கைப் பிடுங்கினார், ஜனம் பார்த்துச் சிரித்தது என்றாளாம். பிடுங்கினேன், ஜனம் சிரிக்கவில்லை, திட்டியது, அந்த ஒன்றில் மட்டும் அத்தைக்குத் தகவல் பிசகு. மற்றபடி உன் அப்பாவின் விசுவாசம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, முழங்கால்தான் இருந்த இடத்தில் இல்லை.

இது எல்லாவற்றுக்கும் நீ போட்ட சட்டம்தான் காரணம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நம் வீட்டில் எலி என்று அம்மா உளறியவுடன் நீ போனில் என்ன சொன்னாய், "புள்ள தரையில தவழறான்ப்பா, எலி இருந்தாலும் வர மாட்டேன், எலி மருந்து வச்சாலும் வர மாட்டேன்" என்றாய். ஆஸ்பத்திரி டியூட்டியில் நீ பார்த்த, எலி மருந்து தின்ற பிள்ளைகள் கதை இரண்டைச் சொன்னாய், அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எலியும் கூடாது, மருந்தும் கூடாது, அப்புறம் எலியிடம் நான் என்ன, மனு கொடுப்பதா? ஆனாலும் முயற்சி பண்ணினேன். ஒட்டுகிற அட்டை வாங்கி சிலிண்டர் பக்கத்தில் வைத்தேன், விடிகாலையில் காபி போடப் போய் நானே அதில் காலை வைத்து, ஒரு செருப்போடு அட்டையும் சேர்ந்து வர ஹால் வரைக்கும் டக் டக் என்று நடந்து வந்தேன். எலி ஜன்னல் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அட்டை பாவம் என்று அம்மா எடுத்துவிட்டாள், எலிமேல் பாவமா என்மேல் பாவமா தெரியாது. அப்புறம் ஸ்டோர் ரூமில் சுருட்டி வைத்திருந்த கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் ஒரு முனையை எலி தின்றுவிட்டது. நாலு முனை நட்சத்திரத்தை வாசலில் கட்டினேன், பக்கத்து வீட்டு ஆதிகேசவன், "இன்னா பாவா, இந்த வருஷம் பட்டமா விடறீங்க?" என்று கேட்டார். உனக்குத் தெரியுமே, ஒரே சுவர், இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர். நான் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில் தெலுங்கில் கத்துவதைக் கேட்டுக் கேட்டு என்னைப் பாவா, அதாவது மச்சான், ஆக்கிவிட்டார். கனகம்மாசத்திரத்து நிலத்தில் விளைந்த வேர்க்கடலையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அந்தச் சுவரை ஒட்டித்தான் அடுக்கியிருக்கிறார். எலி அங்கே சாப்பிட்டு இங்கே தூங்குகிறது என்று நான் சொன்னேன். "உங்க ஊட்டு கேக்கு வாசனைக்குத்தான் வருது" என்று அவர் சொன்னார். ஏதாவது மருந்து வையுங்களேன் என்றால், "பிள்ளையாரு வண்டி பாவா அது. எங்க சாமியோட மயிலா இருந்தாலும் கேட்டுப் பாக்கலாம், அண்ணன் வண்டியில நான் எப்பிடி கை வைக்கிறது?" என்கிறார். சிரிப்பு வந்துவிட்டது, சண்டை போட முடியவில்லை.

சரி, நான்தான் வைக்க வேண்டும் என்று பஜாரில் சந்திரமோகன் கடைக்குப் போனேன், அம்மாவுக்குத் தெரியாமல்தான். எலி பேஸ்ட் கேட்டேன். "அது விக்கக் கூடாதுங்க, ரொம்பப் பேரு செத்துட்டாங்க, எலி கேக்கு வாங்கினு போங்க" என்று ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். நீலக் கலரில், சின்னச் சின்னக் கட்டி, குழந்தைகள் விளையாடுகிற கட்டை மாதிரி இருந்தது. தின்றவுடன் சாகுமா என்று கேட்டேன். உடனே சாகாதாம், ரெண்டு மூணு நாள் நன்றாக ஓடியாடிவிட்டு, அப்புறம் உள்ளே ரத்தம் உறையாமல் கசிந்து சாகுமாம். "உடனே செத்தா கூட இருக்கற எலிங்களுக்குச் சந்தேகம் வந்துடும் இல்லீங்க?" என்றார். ஆகா, என்ன மூளை என்று அப்போது ரசித்தேன். இந்த வாக்கியத்தை மனசில் வைத்துக்கொள், மலைப்படியில் இது திரும்ப வரும். பெயரைப் பார்த்தாயா ப்ளெஸ்ஸி, எலி மருந்து, எலி பேஸ்ட், எலி கேக், எலி பிஸ்கட். விஷத்துக்கு விஷம் என்று ஒருத்தரும் பெயர் வைக்கவில்லை, எல்லாமே சீக்குக்குக் கொடுப்பது, பல் தேய்ப்பது, பிள்ளைக்கு ஊட்டுவது. கடைக்காரர் வாயில் வந்தபடி நானும் கேக் கேக் என்றே பழகிவிட்டேன். இரண்டு கட்டியை அம்மா பார்க்காத நேரம் சிலிண்டருக்குப் பின்னால் வைத்தேன். காலையில் இரண்டும் இல்லை. எலி தின்றுவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை, மீசையை முறுக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸ் வரைக்கும் காரணமில்லாமல் நடந்து போய் வந்தேன்.

மிச்சக் கட்டிகளைப் பழைய பிஸ்கட் தகர டப்பாவில் போட்டு, காற்றுப் போகாதபடி செல்லோ டேப்பை வளைத்து வளைத்து ஒட்டினேன். அதுவரைக்கும் புத்தி இருந்தது. பீரோ மேல் வைக்கும்போது, யாராவது எடுத்துத் தொலைத்தால் என்று பயம் வந்து, உன் பழைய ஸ்கெட்ச் பேனாவால் மேலே எழுதினேன். எலி கேக் என்று எழுதினால் அம்மாவிடம் மாட்டிக்கொள்வேன். முறுக்கு, வத்தல் என்று எழுதினால் பொய். வேதம் வாசிக்கிற கையால் பொய் எழுதுவதா என்று யோசித்து, எலி என்கிற இரண்டு எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, "கேக், யாரும் தொடக்கூடாது" என்று உண்மையை எழுதி வைத்தேன். என் நேர்மையை நினைத்துக் கொஞ்சம் பூரித்தும் போனேன் என்பதை மறைக்க மாட்டேன். கிறிஸ்துமஸ் நெருங்குகிற நாளில், நம் வீட்டில், சர்க்கரைக்காரன் ஒருவன் பீரோ மேல் ஒளித்து வைத்த டப்பாவில் கேக், யாரும் தொடக்கூடாது என்று எழுதியிருந்தால், பார்க்கிற மனைவி என்ன நினைப்பாள்? நீயே சொல்.

அதையேதான் உன் அம்மா நினைத்தாள். மனுஷன் சுகரை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாகக் கேக் தின்கிறார், இதை வீட்டை விட்டு ஓட்ட வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டாள். அன்றைக்குப் பார்த்து கிருத்திகை. ஆதிகேசவன் மகள் கனிமொழி, அம்மையார்குப்பத்தில் தறி வைத்திருக்கிற வீட்டில் கொடுத்திருக்கிறார்களே, அவள் பையன் இளம்பரிதியைக் கூட்டிக்கொண்டு மலையேற வந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு அந்தப் பிள்ளை இங்கே இருக்க மாட்டானே, இப்போதே கையில் கேக் கொடுப்போம் என்று அம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஆதிகேசவன் சம்சாரம் அம்சா கையை நீட்டாமல், "அக்கா, தப்பா நினைக்காதீங்க, இன்னிக்கு கிருத்திகை, முட்டை போட்டதா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்குப் போன் போட்டாள். நான் அந்த நிமிஷம் பேக்கரியில் நின்றுகொண்டிருக்கிறேன், கிறிஸ்துமஸ் கேக் சொல்வதற்கு, ஆதிகேசவன் வீட்டுக்கும் கொடுக்க வேண்டுமே என்று அப்போதுதான் முட்டை இல்லாததாக ஒன்று வாங்கிக் கையில் வைத்திருக்கிறேன். என் திருட்டைக் கண்டுபிடித்ததை நான் அறியக்கூடாது என்று உன் அம்மா சாமர்த்தியமாக எந்தக் கேக் என்று சொல்லவே இல்லை. "ஏங்க, கேக்குல முட்டை இருக்குதா?" என்றாள். எப்படித்தான் இவளுக்குத் தெரிகிறதோ என்று ஆச்சரியப்பட்டு, சுத்த சைவம் என்றேன். "கனிமொழி புள்ளைக்குத் தரலாமா?" என்றாள். "ஆங், தாராளமா குடு, அவனுக்குத்தானே முதல் துண்டு" என்றேன். இதை நான்தான் சொன்னேன், இந்த வாயால்.

கேக்கோடு வீட்டுக்கு வந்தால் அம்மா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து, "ஒண்ணு போனா இன்னொண்ணா? உடம்புக்கு இன்னாங்க ஆவறது?" என்று கத்தினாள். எது போனது என்று கேட்டுக்கொண்டே பீரோ மேல் பார்த்தேன். தூசியில் டப்பா இருந்த வட்டம் மட்டும் இருந்தது. எலி என்று மட்டும் சொன்னேன், அதாவது டப்பாவில் விட்ட இரண்டு எழுத்தை அப்போது வாயால் எழுதினேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மலைக்குப் போய் ரொம்ப நேரமாகிறது, சாமி பார்த்துவிட்டு மேலேயே பிள்ளைக்குக் கொடுப்பதாக எடுத்துப் போனார்கள் என்றாள். ஆதிகேசவனுக்குப் போன் போட்டேன், சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீட்டுக்குள் அவர் செல்போன் பாடியது. அம்சாவுக்குப் போட்டேன், அதுவும் கூடவே பாடியது. கனிமொழி நம்பர் என்னிடம் இல்லை. ஒரு ஆட்டோவைப் பிடித்தேன், மலை ரோட்டில் கிருத்திகைக் கூட்டத்துக்கு வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், "படியில ஏறிக்கோ பெரியவரே, அதான் வேகம்" என்று இறக்கிவிட்டான்.

ப்ளெஸ்ஸி, பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த மலையடிவாரம், அந்தப் படியில் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை, அதுவும் வீட்டு மாடிப்படியே ஏறாதே என்று டாக்டர் சொன்ன முழங்காலோடு. முன்னால் பின்னால் எல்லாம் காவடி. பஸ்ஸில் கத்திப் பழகின தொண்டைதானே, முன்னே போங்க, வழி விடுங்க, ஓரமா நில்லுங்க என்று கத்திக்கொண்டே ஏறினேன். வேர்த்துக் கொட்டுகிறது, கண் செருகுகிறது, உடம்பு நடுங்குகிறது. "பெரியவருக்கு சாமி வந்துடுச்சு, வழி வுடு, வழி வுடு" என்று ஒருத்தன் குரல் கொடுத்தான். செங்கடல் மாதிரி கூட்டம் பிளந்தது. யாரோ ஒரு அம்மா நெற்றி நிறைய விபூதியை அப்பினாள், இன்னொருவர் அரோகரா என்றார், எனக்கு மறுத்துப் பேச மூச்சு இல்லை, மறுத்தால் வழி அடைத்துவிடும் என்ற பயம் வேறு. உண்மையைச் சொன்னால் உள்ளே ஜெபம்தான் ஓடிக்கொண்டிருந்தது, வார்த்தை வரவில்லை, ஆண்டவரே டேப்பு, ஆண்டவரே டேப்பு என்றே வந்தது, நான் ஒட்டின டேப் பிய்யக்கூடாது என்று. அப்போதுதான் சந்திரமோகன் சொன்னது ஞாபகம் வந்தது. உடனே சாகாது, ரெண்டு மூணு நாள் நன்றாக ஓடியாடும், யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் பிள்ளை மலையிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்கி, பஸ் ஏறி, தறிச் சத்தத்தில் விளையாடிக்கொண்டிருப்பான், ஒருத்தருக்கும் தெரியாது, தெரியும்போது நேரம் போயிருக்கும். நடுப்படியில் என் கால் நின்றுவிட்டது ம்மா. நீ போனில் ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசினாய் என்பது எனக்கு அந்தப் படியில்தான் புரிந்தது. அதற்கப்புறம் முழங்கால் வலித்ததாக ஞாபகமே இல்லை.

மேலே மண்டபத்து ஓரமாகக் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். இளம்பரிதி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் மூடியைப் பிடித்து இழுக்கிறான், கனிமொழி டேப்பின் நுனியைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டிருக்கிறாள், ஆதிகேசவன், "இம்மாம் டேப்பு ஒட்டிகினு எவன்டா கேக்கு விக்கிறான்" என்று சாவியால் நெம்பப் பார்க்கிறார். நான் போய் நின்றேன். மூச்சு இரைக்கிறது. கேக், கேக் என்று மட்டும் வருகிறது. "அங்கிள், கேக்குக்காகவா இம்மாந்தூரம் ஏறி வந்தீங்க? உக்காருங்க, மொதல்ல உங்களுக்கே தரேன்" என்கிறாள் கனிமொழி. பொறுமை போய் டப்பாவைப் பிடுங்கினேன். பிள்ளை, "தாத்தா, என் கேக்கு" என்று வீறிட்டான். சுற்றி இருந்த ஜனம் என்னைச் சூழ்ந்துகொண்டது, "சாமி வந்த ஆளு செய்யற வேலையா இது?" என்று ஒருவர் கேட்டார், இன்னொருவர் இரக்கப்பட்டு என் கையில் ஒரு தொன்னை புளியோதரையைத் திணித்தார், பாவம் பசி போல என்று. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்து, இது எலிக்கு வைக்கிற கேக் என்றேன்.

கனிமொழி டேப் ஒட்டியிருந்த தன் உதட்டை முந்தானையால் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள், அப்புறம் டப்பா திறக்கவேயில்லை என்று தெரிந்தும் பிள்ளையின் பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஆதிகேசவன்தான் முதலில் பேசினார். "பாவா, எலிக்கு வாங்கினதை எம் பேரனுக்குக் குடுத்துட்டீங்க, அப்ப எலிக்கு இன்னா குடுத்தீங்க, பிளம் கேக்கா?" என்றார். அம்சா சிரிக்கவில்லை. "எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு எழுதற லட்சணமா அண்ணா இது? தெரியாதவரா இருந்தா ஒண்ணும் எழுதாம வுட்டிருப்பாரு, நாங்களும் தொட்டிருக்க மாட்டோம்" என்றாள். பத்தாவது பாஸ் என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டதற்கு நன்றாக வேண்டும். இறங்கி வந்து பேக்கரிக் கேக்கை இளம்பரிதி கையில் கொடுத்தேன், அவன் வாங்கிக்கொண்டு, "தாத்தா, இதப் புடுங்க மாட்டீங்களே?" என்று கேட்டான்.

இறங்குவது என்று சுலபமாக எழுதிவிட்டேன், அந்த டப்பாவைப் போட ஒரு இடம் கிடைக்கவில்லை தெரியுமா. குப்பைத் தொட்டியில் போட்டால் மலைக் குரங்குகள் டேப்பை நம்மைவிட நன்றாகப் பிரிக்கும். கீழே போட்டால் நாய், மாடு. குளத்தில் போட்டால் மீன், அப்புறம் மீன் தின்கிறவன். வாங்குவதற்கு ஒரு நிமிஷம் ஆனது, தூக்கிப்போட ஊரில் இடமில்லை. புளியோதரையை ஒரு கையிலும் விஷத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, எது எது என்று அடிக்கடி பார்த்துக்கொண்டு இறங்கினேன். நேராகச் சந்திரமோகன் கடைக்குப் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வித்த சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று போர்டைக் காட்டினார். நெற்றியில் விபூதியோடு, சபையில் எல்லோருக்கும் தெரிந்த சுந்தர்சிங் நான், கடை வாசலில் நின்று நடந்ததைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். உன் அபிகாயில் அத்தை அப்போதுதான் எதிர்க் கடையில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தாளாம்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்து கிறிஸ்துமஸ் கொண்டாடினோம். புது வருஷம் பிறந்த பிறகு நீ காலேப் தவழ்கிற வீடியோ அனுப்பினாயே, சோபாவுக்கு அடியில் போய் எதையோ எடுத்து வாயில் வைக்கிறானே, மாப்பிள்ளை விரலை விட்டுத் தோண்டி எடுக்கிறாரே, அதை நாலு தடவை பார்த்தேன். அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நானும் கையும் முழங்காலும் ஊன்றி வீடு முழுக்கத் தவழ்ந்தேன். உன் அம்மா முதலில் நான் விழுந்துவிட்டேன் என்று பயந்தாள், அப்புறம் வழக்கம்போல் சிரித்தாள், அப்புறம் அவளும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கூடவே குனிந்து வந்தாள். நின்றுகொண்டு பார்க்கிற வீடு வேறு ப்ளெஸ்ஸி, தவழ்ந்து பார்க்கிற வீடு வேறு. முன் ரூம் கட்டிலுக்கு அடியில், நீ வந்தால் பாய் போடுவோம் என்று நினைத்திருக்கிற இடத்தில், சுவர் ஓரமாக நீலமாக ஒன்று தெரிந்தது. நான் சிலிண்டருக்குப் பின்னால் வைத்த கட்டி. எலி தின்னவில்லை, ஓரத்தில் ஒரு கடி, மற்றபடி முழுசு. பொட்டலம் கட்டி வைத்துக்கொள்கிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்து போட்டிருக்கிறது. அது தின்றுவிட்டது என்று நினைத்துத்தான் நான் மீசையை முறுக்கினேன்.

அப்போது நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வைத்தது இரண்டு, கிடைத்தது ஒன்று. இன்னொன்று எங்கே? பீரோவை நகர்த்தி, தையல் மெஷினை நகர்த்தி, அரிசி டின்னைக் கொட்டிப் பார்த்தோம், இல்லை. சிலிண்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு பொந்து இருந்தது, கையை விட்டால் அந்தப் பக்கம் காற்று வருகிறது. ஆதிகேசவனைக் கூப்பிட்டேன். அவர் வீட்டுக்குள் போய் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். அடி மூட்டையில் எலி போட்ட ஓட்டை, உள்ளே கடலைக்கு நடுவில் நீலக் கட்டி, பாதி உதிர்ந்து. என் வீட்டில் வைத்த விஷம், அவர் வீட்டுக் கடலையில். அந்தக் கடலையைத்தான் பொங்கலுக்கு வறுத்து நமக்கும் கொடுத்து, அம்மையார்குப்பத்துக்கும் அனுப்பியிருப்பார்கள். ஆதிகேசவன் அந்த மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார். "மூட்டை என்னுது, மருந்து உன்னுது, பொந்து ரெண்டு பேருது" என்றார், வாழ்நாளில் முதல் தடவை என்னை நீ என்று சொன்னார், எனக்கு அது கோபமாகத் தெரியவில்லை. அந்த மூட்டையை அப்படியே அவர் நிலத்து மூலையில் ஆழமாகப் பள்ளம் தோண்டிப் புதைத்தோம், கட்டியைத் தனியாகக் கட்டிச் சந்திரமோகனிடமே கொடுத்தேன், இந்தத் தடவை அவர் போர்டைக் காட்டவில்லை.

இப்போது உன் சட்டத்துக்கு வருகிறேன், எலியும் கூடாது, மருந்தும் கூடாது. மருந்து இல்லை, தவழ்ந்து பார்த்துச் சொல்கிறேன். எலிக்கு, பொந்தில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை அடைத்து இரண்டு பக்கமும் சிமெண்ட் பூசினோம், கதவடியில் தகரம் அடித்தோம், மிச்சக் கடலை எல்லாம் மூடி போட்ட டிரம்முக்குப் போய்விட்டது, ராத்திரியில் எச்சில் பாத்திரம் போடுவதில்லை. ஆளுக்கொரு எலிக்கூண்டு வாங்கி வைத்தோம், தேங்காய்ச் சில்லுக்கு வருகிற கூட்டம் இருக்கிறதே, கிருத்திகைக் கூட்டம் தோற்றது. பிடிபட்டதை ஆதிகேசவன் கொல்ல விடுவதில்லை. கூண்டை நான் மடியில் வைத்துக்கொள்ள, அவர் வண்டி ஓட்ட, நகரிப் பக்கம் ஆந்திராவில் வீடு வாசல் இல்லாத காட்டோரம் விட்டுவிட்டு வருகிறோம். ஒருநாள் நாங்கள் திரும்பும்போது ஒருவர் காலிக் கூண்டோடு எதிரே வந்தார். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, நான் மட்டும் தெலுங்கில் நமஸ்காரம் சொன்னேன். கையுறை போட்டுக்கொள்கிறேன், சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், நீ கேட்பதற்கு முன் சொல்லிவிட்டேன். இப்போது ஒரு வாரமாகக் கூண்டு காலி, தேங்காய்ச் சில்லு அப்படியே காய்ந்து கிடக்கிறது.

மறைக்காமல் எல்லாம் எழுதிவிட்டேன், இனி டிக்கெட் போடுவது உன் இஷ்டம். போட மாட்டேன் என்றாலும் தப்பு சொல்ல மாட்டேன், அந்தப் படியில் ஏறின ஆள் நான். ஆனால் வந்தால், இந்த வீட்டில் காலேப் போகப் போகிற ஒவ்வொரு மூலைக்கும் அவனுக்கு முன்னால் அவன் தாத்தா நான் தவழ்ந்து போயிருக்கிறேன் என்பது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும், நாளைக்கும் போவேன், நீ வருகிற வரைக்கும் தினமும் காலையில் ஜெபத்துக்கு மண்டியிடுகிறபோது அப்படியே ஒரு சுற்று. எப்படியும் மண்டி போட்டாகிவிட்டது, அதை எதற்கு வீணாக்குவது? பார்சலில் இருக்கிற டப்பாவைப் பார்த்துப் பயப்படாதே, மேலே தெளிவாக எழுதி அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன், "முறுக்கு, மனிதர் சாப்பிடுவது, எலிக்கு அல்ல". இளம்பரிதி காலேபுக்கு ஒரு பந்து கொடுத்திருக்கிறான், யாரும் பிடுங்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினான். உன் அத்தைக்குப் போன் பண்ணினால் அப்பா இப்போது மலை ஏறுவதில்லை என்று சொல். கர்த்தர் உங்கள் மூன்று பேரையும், முக்கியமாகத் தரையில் இருக்கிறவனைக் காக்கட்டும். மாத்திரை, சோப்புத் தூள், எதுவானாலும் டப்பாவில் முழுப் பெயரையும் எழுது ம்மா, ஒரு எழுத்தும் விடாதே.

உன் அன்பு அப்பா,
சுந்தர்சிங்
நடத்துநர் (ஓய்வு), தவழுநர் (பணியில்)